வெள்ளம் வருமா என்று கேட்டேன்

மட்டக்களப்பில் ஒரு பெண்ணுக்குக் கலியாணம் பேசும்போது, பெண் என்ன படித்திருக்கிறாள் என்பது இரண்டாவது கேள்வி. முதற் கேள்வி, வீடு இருக்கிறதா என்பது. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். வீடு பெண்ணுடையது, பெண்ணின் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதப்பட்டது. ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி என்று மற்ற ஊர்களில் நகையை நினைத்துச் சொல்வார்கள் போலும், நாங்கள் கல்லையும் சீமெந்தையும் நினைத்துத்தான் சொல்வோம்.

எங்கள் அப்பாவுக்கு மூன்று பெண்கள். இருந்த வீடு மூத்தக்காவோடு போனது. சின்னக்காவுக்குப் பின் வளவில் ஒன்றைக் கட்டினார். மூன்றாவதாக நான் நின்றபோது அவரிடம் வளவும் இல்லை, வலுவும் இல்லை. என் கணவர் வயரிங் வேலை செய்கிறவர். வீடில்லாத என்னைத் தானாக விரும்பிக் கலியாணம் முடித்தார். அவருடைய தாயார் அதை என் முகத்துக்கு நேரே குறையாகச் சொன்னதில்லை. வேறு யாருக்காவது சொல்லும்போது நான் கேட்கிற தூரத்தில் இருக்கிறேனா என்று மட்டும் பார்த்துக்கொள்வார். "நம்மட பொடியன் வீடில்லாத இடத்தில முடிச்சவன்தானே."

பதினொரு வருடத்தில் ஐந்து வாடகை வீடுகள். ஐந்தாவது கல்லடியில், பாலத்திலிருந்து அதிக தூரமில்லை. ஒரு புரட்டாதி மாதப் பின்னேரம் அந்த வீட்டுக்காரர் ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு வந்தார். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், வீட்டுக்காரர் பழத்தோடு வந்தால் நல்லதுக்கு இல்லை.

"மகளுக்குச் சரிவந்திட்டு புள்ள. தையில கலியாணம். வீடு அவவுக்குத்தானே."

"சந்தோசம் மாமா" என்றேன். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்ச் சட்டிகளைக் கழுவினேன். அன்றைக்குச் சட்டிகள் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். அந்தப் பெண்ணுக்கு வீடு கொடுக்கிற அதே வழக்கம்தான் என்னை வெளியே போகச் சொல்கிறது. யாரைத் திட்டுவது? திட்ட ஆள் இல்லாத கோபம் ஒரு கெட்ட சாமான், அது உள்ளுக்குள்ளேயே கிடந்து வேகும்.

"வேற வாடகை வீடு பாப்பம்" என்றார் கணவர்.

"பாக்கமாட்டன். இந்த முறை வாங்குற."

என் அரசாங்கச் சம்பளத்துக்கு வங்கி கடன் தரும் என்று சொல்லியிருந்தார்கள். தை பிறக்க மூன்று மாதம் இருந்தது. கடற்கரைப் பக்கம் பார்க்க முடியாது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த நாளுக்குப் பிறகு என் கணவர் அலைச் சத்தம் கேட்கிற இடத்தில் படுக்கமாட்டார். மிஞ்சியது ஆற்றுப் பக்கம். பத்திரிகையில் வாவி என்று எழுதுவார்கள், எங்களுக்கு அது ஆறுதான்.

புறோக்கர் காட்டிய நாலாவது வீட்டில் என் மனம் விழுந்தது. மூன்று அறை, ஓட்டுக்கூரை, நல்ல தண்ணீர்க் கிணறு, வாசலில் ஒரு ஜம்பு மரம். பின்வேலியில் நின்றால் ஆறு தெரிந்தது. அதன் சொந்தக்காரி கனடாவிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருந்தார். அவருக்குச் சீதனமாக எழுதிய வீடு. தாய் தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இனி அதில் இருக்க ஆளில்லை, விற்கிறார். அவர் சொன்ன விலை அந்தப் பக்கத்து விலையில் முக்கால்வாசிதான் இருந்தது.

"ஏன் இவ்வளவு மலிவு?" கணவர் கேட்டார். ஒரு தரமல்ல, வீட்டுக்கு வரும் வழி முழுக்கக் கேட்டார்.

"வெளிநாட்டுக்காரருக்கு அவசரம். உங்களுக்கு நல்லது நடந்தாலும் சந்தேகம்" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

ஆனாலும் நாங்கள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை. சட்டத்தரணி ஒருவர் காணிப் பதிவகத்தில் பார்த்து, உறுதி சுத்தம் என்றார். கணவர் கூரைக்கு மேல் ஏறிச் சிலாகைகளைத் தட்டிப் பார்த்தார். சுவரில் வெடிப்பு இல்லை. பிறகு தன் தொழிற்கண்ணால் ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு போனவர், நடு அறையில் நின்றார்.

"பிளக் எல்லாம் ஏன் நெஞ்சு உசரத்தில அடிச்சிருக்கு? கீழ இருந்தத எடுத்து மேல ஏத்தியிருக்காங்க. பழைய ஓட்டைய பூசினது தெரியுது."

"சின்னப் பிள்ளையள் இருந்த வீடா இரிக்கும். கை வைக்காம ஏத்தியிருப்பாங்க" என்றேன்.

நான் மிட்வைஃப். குடும்பநல உத்தியோகத்தர் என்பது கடதாசியில், வீடு வீடாகப் போகும்போது எல்லாருக்கும் மிட்வைஃப்தான். சின்னப் பிள்ளைகள் விசயத்தில் நான் சொன்னால் அவர் மறுபேச்சுப் பேசுவதில்லை. தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

வெள்ளத்தைப் பற்றியும் கேட்டேன். ஆற்றோரம் வீடு வாங்குகிற யாரும் கேட்கிற கேள்விதானே. சொந்தக்காரியிடம் கேட்டேன், "அக்கா, இஞ்ச வெள்ளம் வருமா?" இல்லை என்றார். புறோக்கரிடம் கேட்டேன், அவர் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். புறோக்கரின் சத்தியத்தை நம்பக்கூடாது என்று முன் கடைக்காரரிடமும் கேட்டேன். "சே, வெள்ளமெல்லாம் இந்த ஒழுங்கைக்கு வாறல்ல" என்றார். மூன்று பேர், மூன்று "இல்லை". இதற்கு மேல் என்ன வேண்டும்?

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்றார் புறோக்கர். "காத்தான்குடியில இருந்து ஒரு முதலாளி ரெண்டு தரம் பாத்திட்டுப் போயிட்டார். அக்கா அடுத்த கிழம பிளைட் ஏறுறா." வெள்ளிக்கிழமை டவுனில் சட்டத்தரணியின் அலுவலகத்தில் அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் எழுதுவது என்று முடிவானது. அந்த அட்வான்ஸ் எங்கள் பதினொரு வருடம். போனால் திரும்பி வராது, மற்றொரு வீட்டை நினைத்தும் பார்க்க முடியாது.

புதன்கிழமை அந்த மாரிக்காலத்தின் முதல் மழை பெய்தது. நான் வேலை முடிந்து, யூனிபோர்முடன் ஸ்கூட்டியை அந்த ஒழுங்கைச் சந்துக்குள் விட்டேன். எதற்கு என்று சொல்ல வெட்கம்தான். ஜன்னல்களுக்குத் திரைச்சீலை அளவு எடுக்க. ஆசை வெட்கம் அறியாது. கேற் பூட்டியிருந்தது. மழை வலுத்தது. பக்கத்து வீட்டுப் பெண் தன் குசினி வாசலில் நின்று கூப்பிட்டார், "நனையாம உள்ளுக்கு வாகா."

ஐம்பது வயது இருக்கும். ஆற்றில் வலை போடுகிறவரின் மனைவி. நண்டு கழுவிக்கொண்டிருந்தார். நான் துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். பார்ப்பது என் தொழில். ஒரு வீட்டுக்குள் போனால் எங்கே தண்ணீர் வைத்திருக்கிறார்கள், எங்கே பிள்ளையைக் கிடத்துகிறார்கள் என்று கண் தானாக மேயும். அந்தக் குசினியில் பிரிட்ஜ் சீமெந்துக் கல்லுக்கு மேல் நின்றது. ஒரு கல் அல்ல, மூன்று வரிசை. மேல்தட்டை எட்ட, ஏறி நிற்க அவர் ஒரு சின்ன வாங்குப் பலகை போட்டிருந்தார். அடுத்த அறையில் அலுமாரியும் கல்லுக்கு மேல். சுவரில் பிளக் நெஞ்சு உயரத்தில்.

கையில் துவாயோடு பிரிட்ஜுக்குக் கிட்டப் போனேன்.

"அக்கா, இஞ்ச வெள்ளம் வாறல்லத்தானே?"

"இல்லகா. வெள்ளமெல்லாம் இஞ்ச வாறல்ல."

"அப்ப பிரிட்ஜ் என்னத்துக்குக் கல்லுல ஏறி நிக்கி?"

"அது தண்ணி நிக்கிறதுக்கு" என்றார், நண்டிலிருந்து கையை எடுக்காமல்.

"தண்ணி நிக்குமா?"

"மார்கழியில ஆறு ஏறினா நிக்காம? அது வெள்ளமில்ல புள்ள. வெள்ளம் எண்டா பாயச் சுருட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேணும். நான் பிறந்து வளந்தது இந்த வீட்டுல, ரெண்டே ரெண்டு தரந்தான் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கம்."

அவர் பொய் சொல்லவில்லை. கடைக்காரரும் சொல்லவில்லை. பாய் சுருட்டினால் வெள்ளம், சுருட்டாவிட்டால் வெறும் தண்ணீர். அந்த ஒழுங்கை முழுவதற்கும் இது தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை.

பிறகு நான் ஒழுங்காகக் கேட்டேன். எத்தனை நாள் நிற்கும்? முகத்துவாரம் வெட்டும் வரைக்கும். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல் அடைத்துக் கிடக்கும், அதை வெட்டிவிட்டால்தான் தண்ணீர் கடலுக்குப் போகும். வயல்காரர் வெட்டு என்பார்கள், மீன்காரர் பொறு என்பார்கள். "பத்து நாள். சில வருசம் மூணு கிழமையும் போகும்." எவ்வளவு நிற்கும்? ஈரக் கையால் தன் கெண்டைக்காலின் நடுவைத் தொட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டிலுமா?

"அது எங்கடயவிடப் பள்ளம்."

"கக்கூஸ்?"

அவர் முதன்முறையாகச் சிரித்தார். "அத ஏன் கேக்கிற. அந்த நாளையில மேட்டுல சொந்தக்காரர் வீட்ட போவம்."

மழை விட்டதும் வெளியே வந்து ஸ்கூட்டியின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்த கோபம் புறோக்கர் மேல் அல்ல, என் மேல். கிளினிக்கில் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளை நான் எதற்குத் திட்டுவேன் தெரியுமா? ஒரு தாயிடம் போய் "பிள்ளை நல்லாப் பால் குடிக்குதா?" என்று கேட்பதற்கு. எந்தத் தாயும் ஓம் என்றுதான் சொல்வாள். கடைசியாக எப்போது குடித்தது, எத்தனை தரம் நனைத்தது என்று கேட்கவேண்டும். இருபது வருடமாக இதை ஊருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். உண்மை வருகிற மாதிரி எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியும், ஆகவே அது வராத மாதிரி எப்படிக் கேட்பதென்றும் தெரிந்திருந்தது. மூன்று பேரிடமும் நான் அப்படித்தான் கேட்டிருக்கிறேன்.

அன்று வீட்டுக்குப் போனபோது கணவர் ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன்மேல் புது வீட்டு வயரிங்கை வரைந்துகொண்டிருந்தார். பதினொரு வருடமாக ஊரார் வீட்டுக்கெல்லாம் வெளிச்சம் போட்டவர், எங்கள் வீட்டில் எந்த மூலையில் என்ன லைட் என்று எங்கள் மகளிடம் விளக்கிக்கொண்டிருந்தார். மகளுக்குப் பத்து வயது. அவளுக்குத் தனி அறை, அதில் இரண்டு லைட். நான் உடுப்பு மாற்றப் போய்விட்டேன்.

வியாழக்கிழமையும் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை. காய்ச்சலா என்று கேட்டார், தலையிடி என்றேன். சொன்னால் அவர் வேண்டாம் என்பார். வேண்டாம் என்றால் தையில் ஆறாவது வாடகை வீடு. சொல்லாவிட்டால் வருகிற மார்கழியில் அவரே கெண்டைக்காலால் அறிந்துகொள்வார். இரண்டையும் மாறி மாறி நினைத்துக்கொண்டு கர்ப்பிணிகளின் பிரசரை எடுத்தேன். ஒருத்தியுடையதைப் பிழையாக எழுதித் திரும்பவும் எடுக்கவேண்டி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் கல்லடிப் பாலத்தைக் கடந்தோம். பணம் என் கைப்பையில், கைப்பை என் வயிற்றுக்கும் அவர் முதுகுக்கும் நடுவில். பாலத்தில் வைத்துச் சொல்லலாமென்று வாய் எடுத்தேன், முடியவில்லை. டவுன் பக்கம் இறங்கியதும் அவர் தோளைத் தட்டினேன்.

"இஞ்ச, கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்க."

நிறுத்தினார். எல்லாவற்றையும் சொன்னேன். கல், பிரிட்ஜ், கெண்டைக்கால், கக்கூஸ். அவர் என்ஜினை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"எப்ப தெரியும்?"

"புதன்கிழம."

"அப்ப அந்தப் பிளக்."

"ஓம்."

"நான் கேட்டன். பிள்ளையள் கை வைக்காம எண்டு நீதானே சொன்ன."

அவர் சத்தம் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், அதில் எனக்குப் பழக்கமுண்டு. அவர் தாழ்ந்த குரலில் கேட்டார். பக்கத்தில் ஒரு பஸ் எங்களை ஒதுங்கச் சொல்லி ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

"போய்க் கேப்பம்" என்றேன். "விலையக் குறைக்கச் சொல்லிக் கேப்பம்."

அவர் கிக்கரை உதைத்தார்.

அலுவலகத்தில் சட்டத்தரணி, புறோக்கர், கனடாக்காரி மூவரும் இருந்தார்கள். ஒப்பந்தம் தட்டச்சுச் செய்து மேசையில் கிடந்தது. நான் உட்காரும்போதே கேட்டுவிட்டேன்.

"அக்கா, கடைசியா எந்த வருசம் உங்கட குசினிக்குள்ள தண்ணி வந்த?"

அவர் என்னைப் பார்த்தார். நல்ல மனுசி, கண்ணைத் திருப்பவில்லை.

"போன மார்கழி. வீட்டப் பாக்கிற ஆள் போன்ல சொன்னவர்."

"என்னட்டச் சொல்லல்லயே."

"நீங்க வெள்ளம் வருமா எண்டு கேட்டீங்க. இல்ல எண்டு சொன்னன். தண்ணி நிக்குமா எண்டு கேட்டிருந்தா, நிக்கும் எண்டு சொல்லியிருப்பன். மட்டக்களப்புப் பொம்பிள கேக்காம விட்டா, தெரிஞ்சுதான் வாங்குறீங்க எண்டு நினைச்சன்."

குசினியை உயர்த்தவேண்டும், கக்கூஸை மேட்டில் கட்டவேண்டும், அதற்கு விலையில் குறைக்கவேண்டும் என்று கேட்டேன். குரலை நேராக வைத்துக்கொள்ளப் பெரும் பாடு பட்டேன்.

"தங்கச்சி, தண்ணிக்குக் குறைச்சித்தான் இந்த விலை. இல்லாட்டி ஆத்தோரத்துல இவ்வளவு குறைவா ஆர் தருவாங்க? நீங்க என்னத்துக்குக் குறைச்சிருக்கு எண்டு நினைச்ச?"

மூன்று வாரமாக என் கணவர் கேட்ட கேள்விக்கு அதுதான் விடை. அதை நான் கேட்க விரும்பவில்லை. விலையில் மோசடியும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. தண்ணீரோடு சேர்த்து அது சரியான விலை, ஒரு சதம் கூடவும் இல்லை குறையவும் இல்லை.

கணவர் எழுந்தார். "வா, போவம்."

புறோக்கரும் எழுந்து, அவர் கையைப் பிடிக்கப் பார்த்தார். நான் எழவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதிரையிலேயே இருந்தேன்.

"எனக்கு வேணும்" என்றேன்.

விலை பேசுகிற இடத்தில் சொல்லக்கூடாத ஒரே வசனம் அதுதான். சொன்ன பிறகு பேரம் செத்துவிடும். புறோக்கர் போனைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். எனக்கு அது தெரிந்தும் வாய் திரும்பவும் சொன்னது, "எனக்கு அந்த வீடு வேணும். தண்ணியோட வேணும்." கலியாணம் முடித்த நாளிலிருந்து அவரிடம் எனக்கு வேண்டும் என்று நான் எதையும் கேட்டதில்லை. வீடில்லாமல் வந்தவள் என்ன வாயால் கேட்பது என்று இருந்துவிட்டேன். இது அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும். கதவு வரைக்கும் போயிருந்தார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, கனடாக்காரியைப் பார்த்துக் கேட்டார்.

"தண்ணி நிக்கேக்க மெயின் சுவிச் நனைஞ்சிருக்கா?"

"ஒருநாளும் இல்ல. அது உசரத்தில."

"எத்தனை நாள் கரண்ட் கட் பண்ணி வச்சிருந்தீங்க?"

"நாலு நாள். குசினி லைனை மட்டும்."

அவர் எனக்கு முகம் காட்டாமல் சட்டத்தரணியிடம் "எழுதுங்க" என்றார். யார் பெயரில் என்று சட்டத்தரணி கேட்கவே இல்லை. என் அடையாள அட்டையைத்தான் கேட்டார்.

இரண்டு வாரம் அவர் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. தையில் உறுதி முடித்துப் பால் காய்ச்சினோம். மாமியார் வந்து அறை அறையாகப் பார்த்து, நல்ல வீடு என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. ஆவணியில் மிச்சம் பிடித்த காசில் கக்கூஸை உயரத்தில் கட்டினோம். குசினியை உயர்த்தக் காசு போதவில்லை. அடுத்த வருடம் என்று விட்டோம்.

மார்கழியில் ஆறு நாள் விடாத மழை. ஏழாம் நாள் காலை தேத்தண்ணி போடப் போனேன். குசினிப் படியிலிருந்து காலை வைத்தால், கணுக்காலுக்கு மேல் குளிர்ந்த தண்ணீர். என் செருப்பு ஒன்று காஸ் அடுப்புக்குக் கீழே மிதந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கூரை ஒழுகினாலும் மோட்டார் நின்றாலும் வீட்டுக்காரரை அழைத்து நாலு வார்த்தை கேட்காமல் நான் விட்டதில்லை. ஐந்து வீட்டுக்காரரும் என் நம்பரைப் பார்த்தாலே பயப்படுவார்கள். தட்டிலிருந்து போனை எடுத்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நம்பரைத் தேடினேன்.

கணவர் கதிரை மேல் ஏறி நின்று குசினி லைனைக் கட் பண்ணிக்கொண்டிருந்தார். "ஆருக்கு எடுக்கிற?"

"வீட்டுக்காரருக்கு" என்றேன்.

அவர் அங்கிருந்தபடியே என்னைக் குனிந்து பார்த்தார். "அவ தண்ணிக்குள்ள நிக்கிறா" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கதிரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கி, அரிசிச் சாக்கின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, மற்ற நுனியைப் பிடிக்கச் சொன்னார்.